1280-இல் திக்கும்

கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்கள் அந்தக் காலத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எம்புட்டு எம்.பி.?" கார்டில் மெமரி எவ்வளவு என்பதுதான் அது. வேகம் என்ன, எந்த மானிட்டரில் ஓடும் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். 2007 வாக்கில் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் இன்ஜினியர். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.

ஜாபர் பாய் சவுதி வேலையை விட்டுவிட்டு வந்து, கோரிப்பாளையத்தில் கேம் சென்டர் திறக்க இருந்தார். எட்டு மிஷின், எல்லாம் பத்தொன்பது இஞ்ச் மானிட்டர். அப்போது எங்களுக்கு அதுதான் பெரிய திரை. ரெசல்யூஷன் 1280-க்கு 1024. பக்கத்துத் தெரு சென்டரில் 256 எம்.பி. கார்டு போட்டிருந்தார்கள். அதனால் இவருக்கு 512 வேண்டும். எங்கள் முதலாளியிடமோ விற்காத 512 கார்டு ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். '512 எம்.பி.' என்று போர்டுகூட எழுதியாகிவிட்டது.

நான் கார்டின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மெதுவான டிடிஆர்-2 மெமரி, 64 பிட். கிட்டத்தட்ட அதே விலைக்கு 256 எம்.பி.யில் வேகமான 128 பிட் கார்டு அலமாரியில் இருந்தது. நான் தெருவெல்லாம் தறி ஓடும் செல்லூர்க்காரி, எங்கள் ஊர்க் கணக்கிலேயே பாய்க்குச் சொன்னேன். வீடு நிறைய நூல் வைக்க இடம் இருக்கிறது, சந்தில் ஒரு லோடு ஆட்டோதான் நுழையும் என்றால் தறி சும்மாதானே நிற்கும்? எம்.பி. என்பது இடம், பிட் என்பது சந்து. மெமரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரை பெரிதானால் மெமரியும் கூடத்தான் வேண்டும். ஆனால் அதைக் கொண்டுவந்து கொடுக்கிற வழி குறுகல் என்றால் 512 வெறும் நம்பர்.

"பிட்டு கிட்டுன்னு கஸ்டமர்கிட்டப் பேசாத கல்பனா. பரீட்சை ஹால்னு நெனைச்சிரப் போறாரு" என்றார் முதலாளி. கடையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒரே மாதிரி இரண்டு மிஷினில் இரண்டு கார்டையும் மாட்டி, கார் ரேஸ் போட்டு, பாயையே ஓட்ட வைத்தேன். 512-இல் கார் வளைவுக்கு வளைவு திக்கியது. 256-இல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"நீ சொல்றது நெசந்தேம்மா. ஆனா பயலுக போர்டைப் பாத்துத்தேன் உள்ள வருவாய்ங்க. 512-ஏ போட்டுரு."

மாட்டுவதற்கு முன்பே முதலாளி இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட் புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். அதில் பொருத்தியவர் கையெழுத்து, அதற்குக் கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. நாளைக்கு சென்டரில் கேம் திக்கினால் யார் பேர் கெடும்? கல்பனா போட்ட மிஷின் என்றுதானே ஊர் பேசும்? ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதினேன்: '1280-இல் திக்கும். ஓட்டிக் காட்டினேன்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி தாளைக் கிழித்தார். அடுத்த தாளில் அதையே எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"இது இப்படியே இருந்தா நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார்.

"வரலண்ணே. எழுதுனதை அழிக்க மாட்டேன்."

புத்தகத்தைப் பாய் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு படித்தார். வாய்க்குள் இன்னொரு தரம் படித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"என் கடை திக்கும்னு நானே எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? அந்த 256-ஐ மாட்டு. போர்டை அழிச்சுக்கிறேன்."

எட்டு மிஷினிலும் நானே மாட்டிக் கொடுத்தேன். முதலாளி சொன்ன சொல்லை மாற்றவில்லை, வேலை போனது. அழுதாயா என்று கேட்டால், ஆமாம், பஸ்ஸில் செல்லூர் வரும்வரை அழுதேன். ஆனால் எழுதியதில் ஒரு எழுத்துக்கும் வருத்தப்படவில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கஸ்டமர் கேட்டதைக் கொடு என்பார்கள், கொடுங்கள். முதலாளி சொன்னதைச் செய் என்பார்கள், செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த உண்மையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். வேலை இன்னொன்று கிடைக்கும். எனக்கு இருபதே நாளில் கிடைத்தது. அங்கேயும் ரிப்போர்ட்டில் ரிமார்க்ஸ் கட்டம் இருந்தது.