சுத்தத் தண்ணீர் ஜாடி

1952 மார்ச்சில் சூசைமுத்துவுக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் பதினெட்டு ஆண்டுகள் தண்ணீரில் வாழும் பூச்சிகளைக் கொல்வதில் கழிந்திருந்தன. ஈஜோக்குக்கு வடக்கே, புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரெசர். காயத்துக்கு மருந்து கட்டுவார், பிரசவம் பார்ப்பார், வாரம் ஒரு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கால்வாய்களில் எண்ணெய் தெளித்துக் கொசுப்புழுக்களைச் சாகடிப்பார். அந்த மனிதர்தான் அந்த மாதம், பத்துப் பூச்சிகள் இரண்டு நாள் உயிரோடு இருக்க வேண்டுமென்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்ததிலிருந்து தோட்டத்தின் முகமே மாறிவிட்டது. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வாசல் மூடினால் மறுநாள் காலைதான் திறக்கும். வேலிக்கு வெளியே புதர் நின்றால் காட்டு ஆட்கள் பதுங்குவார்கள் என்று வேலியோரம், சாலையோரம், ஓடைக்கரை எங்கும் பாஷாண மருந்தடித்துக் கருக்கினார்கள். ஓடையின் மேல்கரையில் மருந்து. அதே ஓடை கம்பிக்குள் நுழையும் இடத்தில் படித்துறை. லயத்துச் சனம் முழுவதும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

முதலில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பிறகு உள்ளங்கைத் தோல் உரிந்தது. பால்வெட்டு வேலை செய்யும் வள்ளியம்மா சனவரியில் மூத்த பையனைப் புதைத்தாள். பிப்ரவரி கடைசியில் நான்கு வயது கலாவதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"இவளுக்கும் அதே மாதிரி கை உரியுது டிரெசரய்யா."

சூசைமுத்து அன்றே பங்களாவுக்குப் போனார். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசும் வெள்ளைக்கார மேலாளர், பெரிய துரை, நாற்காலியை விட்டு எழாமலே கேட்டுக்கொண்டார்.

"மாங்கா சீசன் வந்தா புள்ளைங்களுக்கு வயிறு போகும். நீ மருந்துன்னு சொல்ற. எனக்குக் காட்டு. காட்டினா மேல்கரையில நிறுத்துறேன்."

எப்படிக் காட்டுவது என்று சூசைமுத்துவுக்குத் தெரியவில்லை. தோட்டக் கம்பெனியின் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து தமிழ் தெரிந்த ஆர்தர் என்ற இளைஞர், ராணுவ வண்டிகளின் காவலோடு வந்த லோரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினார். கூடவே மரப்பெட்டி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஒரு வாளியில், மலாய்க்காரர்கள் சண்டை மீனுக்குத் தீனியாகப் போடும் தண்ணீர்ப்பேன்கள். எள்ளைவிடச் சின்னது. தண்ணீருக்குள் குதித்துக் குதித்து நீந்தும்.

வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. மருந்தடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான மண்டோர் சன்னாசி வாளிக்குள் குனிந்து பார்த்தான்.

"என்னா டிரெசரய்யா, இத்தன வருசமா எண்ண ஊத்திக் கொன்னீங்க. இப்ப பேனுக்குத் தொட்டில் கட்றீங்களா?"

"ஒன் மருந்த இதுங்கதான் ருசி பாக்கப் போகுது."

"பாக்கட்டும்லா. நான் தெனம் முதுகுல சொமக்கிறேன், எனக்கு என்னா ஆச்சு?" சிரித்தபடி சன்னாசி கையைத் தூக்கிக் காட்டினான். அந்த உள்ளங்கையும் உரிந்துதான் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

ஆர்தர் முறையைச் சொன்னார். ஐந்து ஜாடி, ஒவ்வொன்றிலும் பத்துப் பூச்சி. ஒன்றில் படித்துறைத் தண்ணீர் அப்படியே. மூன்றில் அதே தண்ணீர், சுத்தத் தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக வலு குறைத்து. கடைசியில் சுத்தத் தண்ணீர் மட்டும். இரண்டு நாள் கழித்து எது நீந்துகிறது, எது அடியில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"சுத்தத் தண்ணி ஜாடிதான் முக்கியம் மிஸ்டர் சூசை. அதுல இருக்கிறது சாகக் கூடாது. அது செத்தா, மத்த ஜாடியில என்ன நடந்தாலும் நாம வாய் தொறக்க முடியாது."

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவர் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர்ப் புட்டி, ஈஜோக் பக்கம் லோரி குலுங்கியதில் உடைந்துபோயிருந்தது. மருந்து படாத தண்ணீர் என்றால் வேலிக்கு வெளியே, குன்றடியில் ஊற்று ஒன்றுதான். சூசைமுத்து மூடியுள்ள பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு தானே புறப்பட்டார். வாசலில் காவல் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் டின்னைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

"டின் தா போலே." டின் கூடாதாம்.

காட்டுக்கு அரிசி கடத்துவார்கள் என்று மூடி போட்ட எதையும் வெளியே விடுவதில்லை. வாய் திறந்த பாத்திரம் என்றால் போகலாம். துணைக்கு மாத்தா எனப்படும் போலீஸ்காரன் ஒருவனும் வருவான்.

"நான் போயி எடுத்தாறேன்யா," என்றாள், வாசல்வரை கூடவே வந்திருந்த வள்ளியம்மா. "மண்பானை இருக்கு. அதுல கொண்டாரட்டா?"

சூசைமுத்து யோசித்தார். மண்பானை என்றால் அடியில் பாசி இருக்கும், ஓரத்தில் அழுக்கு இருக்கும். பதினெட்டு வருடமாக லயத்துப் பெண்களிடம் அவர் ஓயாமல் சொல்லிவந்தது அதைத்தான்.

"பானை வேணாம். கல்யாணத்துக்குக் குடுத்த பித்தளக் குடம் வெச்சிருக்கியே, அத எடு. புளி போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டுப் போ."

வள்ளியம்மா உள்ளேயும் வெளியேயும் தேய்த்தாள். வெயிலில் கண் கூசும்படி மின்னிய குடத்தில், வாசல் மூடுவதற்குச் சற்று முன்னால் ஊற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதற்குள் ஆர்தர் பங்களாவுக்குப் போய்விட்டார். குடம் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது. காலையில் அவர் வருவதற்கு முன்பே சூசைமுத்து தண்ணீரைத் துணியில் வடிகட்டி எனாமல் வாளியில் ஊற்றி வைத்துவிட்டார். ஆர்தர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு," என்று அதையே அளந்து ஜாடிகளில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாடிகளைப் பார்க்க துரையே வந்தார். கலாவதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளியம்மா சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

படித்துறைத் தண்ணீரில் ஐந்து நீந்தின, ஐந்து அடியில் கிடந்தன. வலு குறைத்த ஜாடிகளில் இன்னும் அதிகமாகச் செத்திருந்தன. சுத்தத் தண்ணீர் ஜாடியில் எதுவும் அசையவில்லை. ஆர்தர் ஜாடியை மெல்லச் சுழற்றினார். பத்தும் தூசி போலச் சுற்றி வந்து மறுபடி அடியில் படிந்தன.

துரை சிரித்துவிட்டார்.

"அப்ப ஓடைத் தண்ணிதான் நல்ல தண்ணி. அதையே குடிக்கச் சொல்லு."

அவர் போனதும் ஆர்தர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தண்ணிய எதுல கொண்டு வந்தீங்க?"

சூசைமுத்து மூலையிலிருந்த குடத்தைக் காட்டினார். ஆர்தர் குனிந்து அதன் உட்புறத்தை விரலால் தடவினார்.

"பித்தளையில செம்பு இருக்கு. புளி போட்டுத் தேச்சா செம்பு வெளிய வந்துரும். ராத்திரி பூராவும் தண்ணியில கரைஞ்சிருக்கும். மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது. இதுங்க தாங்காது."

"மண்பானையா இருந்தா?"

"மண்பானையில செம்பு இல்ல," என்றபடி ஆர்தர் ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"இன்னொரு தடவ வெச்சுப் பாப்போம் சார்."

"பூச்சி இல்ல, கொண்டாந்தது அம்பதுதான். மத்தியானம் லோரி கெளம்புது, அத விட்டா வேற காவல் இல்ல. அடுத்து கோலா குபு பக்கம் போகணும். திரும்ப இங்க வர ஜூன் ஆகும். வந்தாலும் தொரை விடணும்."

சூசைமுத்து மறுபடி பங்களாவுக்கு ஓடினார். குடத்தால் நடந்த தவறு என்று விளக்கினார். துரைக்கு அது சாக்குப்போக்காகவே பட்டது. ஊற்றிலிருந்தாவது தினமும் தண்ணீர் எடுக்க விட வேண்டும் என்று கேட்டார். லயம் முழுக்கத் தண்ணீர் சுமக்கத் துணைக்கு அனுப்பத் தன்னிடம் மாத்தா இல்லை என்றார் துரை. "நீ டிரெசர். புண்ணுக்கு மருந்து போடு" என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் லோரி எதிரே வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்தர் கை உயர்த்தினார். சூசைமுத்துவும் உயர்த்தினார். புழுதி அடங்கும்வரை சாலையோரத்திலேயே நின்றார். இரண்டு பக்கமும் புல் கருகி, மண் கட்டாந்தரையாகத் தெரிந்தது.

மாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். வள்ளியம்மா வெளியே வந்து வாங்கிக்கொண்டாள்.

"தொரை ஒத்துக்கலியாய்யா?"

"ஒத்துக்கல."

"நான் கொண்டாந்த தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு?"

சூசைமுத்து குடத்தைப் பார்த்தார். அது இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

"சுத்தமாத்தாம்மா இருந்துச்சு."

"அப்பறம் ஏன்யா செத்துச்சுங்க?"

"அதுங்களுக்கு ஒடம்பு சரியில்ல போலருக்கு."

அவள் தலையசைத்தாள். உள்ளே கலாவதி தண்ணீர் கேட்டு அழுதாள். முந்தின வாரம் பெய்த மழையில் பிடித்துவைத்த தண்ணீர் அன்று காலையே தீர்ந்திருந்தது. வள்ளியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் மூடும் நேரத்தில் கூட்டம் சேருமே என்று வேகவேகமாகப் படித்துறைப் பக்கம் நடந்தாள். தடுக்க வாயெடுத்த சூசைமுத்துவுக்கு, வேறு எந்தத் தண்ணீரைக் காட்டுவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்தது. வாங்கி வைத்திருந்த வர்த்தியை ஜாடிகள் இருந்த மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், சன்னாசியின் ஆட்கள் மருந்துப் பம்புகளை முதுகில் கட்டிக்கொண்டு ஓடையின் மேல்கரைக்குப் போனார்கள்.