மில்லிமீட்டர் பார்த்த மஜ்ஜை

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்புறப் பட்டறையில் லேத் எந்திரத்தில் இரும்பு கடையும் அவரை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர்க்கடிகாரம் கொஞ்சம் கோணலாகத் தொங்கினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால்தான் பிழைப்பாள் என்றார்கள். பொருந்தியது அவள் தம்பியின் மஜ்ஜை மட்டுமே. அந்த மச்சினனோடு, ஒரு கல்யாண வீட்டில் தாம் வாய் தவறிச் சொன்ன சொல்லால், மில்லிமீட்டருக்கு ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் அவன் வந்தான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தான். அக்காவை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பின் பதினெட்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "வெள்ளையணு ஏறிச்சா?" என்று நர்ஸைக் கேட்பதே மில்லிமீட்டருக்கு வேலையாகிப் போனது. ஒருவழியாக ஏறியது; புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றார்கள். அவள் வீடு திரும்பினாள். மச்சினனுக்கு நன்றி சொல்ல எத்தனையோ முறை போனை எடுத்தார், வாய் வரவில்லை.

ஒருநாள் மேல்மாடிப் பெண் ஆய்வாளர் ஒருவர் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, மயக்கத்துல இருக்கற சுண்டெலியோட மண்டையோட்டு மஜ்ஜைய மைக்ராஸ்கோப்ல படம் எடுக்கறோம். உயிரோட இருக்கும்போதே வெள்ளையணு எப்படி நகருதுன்னு பாக்கணும். ஆனா படம் ஆடுது."

"எவ்வளவு ஆடுதும்மா?"

"தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு."

"அவ்வளவுதானா?"

"அந்த அணுவே அவ்வளவுதாண்ணே இருக்கும்."

தலையைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடி ஒன்று செய்து கொடுத்தார். ஆடியது. இன்னும் கனமாக இரண்டு செய்தார். அவையும் உதவவில்லை. கடைசியில் தாமே மாடிக்குப் போய், உடம்பு குளிராமலிருக்க இளஞ்சூடாக வைத்த தட்டின்மேல் தூங்கிய எலியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலைய இறுக்கிட்டேன், சரி. நெஞ்சு மூச்சு விடறப்போ தட்ட உதைக்குது. அதே தட்டுலதான் பிடியும் இருக்கு!"

தட்டை இரண்டாக அறுத்தார். தலைப்பிடிக்குத் தனிக் கால் வைத்தார். உடம்பு கிடக்கும் பக்கத்தை இரண்டு மில்லிமீட்டர் தாழ்த்தினார். படம் நின்றது.

எடுத்த படங்களை ஆய்வாளர் வேகமாக ஓட்டிக் காட்டினார். சிவப்பாக ரத்தக்குழாய்கள், அவற்றைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகளாக வெள்ளையணுக்கள். ஒரு புள்ளி மெல்ல நீண்டது, ஊர்ந்தது, குழாயின் சுவரில் நெருக்கிப் புகுந்து மறைந்தது.

"எங்க போயிருச்சு?"

"ரத்தத்துல இறங்கிருச்சுண்ணே. கிருமி எங்க இருக்கோ அங்க போகும்."

"இது ஏறணும்னுதானா பதினெட்டு நாள் காத்துக் கிடந்தோம்!" என்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

படிக்கட்டில் நின்று மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, நான்தான் பேசறேன்."

"அக்காவுக்கு என்ன ஆச்சு?" குரல் பதறியது.

"ஒன்னும் ஆகல, நல்லா இருக்கா. உன்னாலதான் இருக்கா. இத அன்னைக்கே சொல்லிருக்கணும். அந்தக் கல்யாணத்துல நான் பேசினதும் தப்பு."



"அத விடுங்க மாமா. உங்க நம்பரப் பாத்ததும் எனக்குப் பாதி உயிர் போயிருச்சு."

மறுவாரம் அவன் அக்காவோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தான். ஆய்வாளர் மூவரையும் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"உன்னோட அணுவும் எனக்குள்ள இப்படித்தான் ஓடுதா? நீ படுத்தா எந்திரிக்க மாட்டியேடா!"

ஆய்வாளருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. மில்லிமீட்டர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.