செய்ப்போனேயின் மத்தியான மாப்பிள்ளை

காபரோன் நகர வேன் நிலையத்தில் வண்டி ஓட்டும் பெண்கள் இரண்டே பேர். அதில் வாய் பெரியது செய்ப்போனேவுக்கு. நாற்பத்து மூன்று வயது. பல வருடங்களாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டு வந்தாள். நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் நர்ஸ், "வந்ததே வந்தீங்க, கருப்பை வாயையும் பாத்துடலாம்" என்று படுக்க வைத்தாள். சில வாரங்களில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அவள் முதலில் கேட்டது இதைத்தான்: "எனக்கு ஏற்கெனவே அது இருக்கே, கரண்ட் வைக்க மாட்டீங்களோ?"

"மாத்திரைய ஒழுங்காப் போட்டிருக்கீங்க, கிருமி அடங்கிக் கிடக்கு. மத்தவங்களுக்கு என்ன வைத்தியமோ அதேதான் உங்களுக்கும். அஞ்சு வாரம் தினமும் மத்தியானம் கதிர் வைக்க வரணும். ஒண்ணு, மூத்திரப்பை நிரம்பியிருக்கணும். அப்பத்தான் குடல் ஒதுங்கும், கதிர் அதுமேல அதிகம் படாது."

"நான் வேன் ஓட்டுறவ டாக்டர். அடக்குறதுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது!"

காத்திருக்கும் கூடத்தில் பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செய்ப்போனே வந்தாலே, "ஏய், சிரிக்க வைக்காதடி, இங்கேயே குளம் கட்டிடும்" என்று கும்பிடுவார்கள்.

தினமும் மத்தியானம் அவள் காணாமல் போவதைப் பார்த்து, பணக்காரன் எவனோ மாட்டியிருக்கிறான் என்று நிலையத்தில் பேச்சு. பக்கத்து வண்டிக்கார ஒடிரிலே ஒருநாள் பின்தொடர்ந்தே வந்துவிட்டான். கூடத்து வாசலில் விழித்துக்கொண்டு நின்றான்.

"எதுக்குடா வந்த?"

"இல்லக்கா... நீங்க பெரிய ஆளாப் பிடிச்சிட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க..."

"பிடிச்சிருக்கேனே! உள்ள இருக்காரு. வெள்ளையா, லாரி சைஸ்ல. படு, அசையாதேம்பாரு. வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போம்பாரு. ஒரு டீ கூடக் கிடையாது!"

கூடமே வெடித்துச் சிரித்தது. இரண்டு பேர் கழிப்பறைக்கு ஓடினார்கள். மெஷின் ஓட்டும் பெண் வெளியே வந்து திட்டினாள். ஓடியவர்களுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை ஒடிரிலேவுக்கு.

திரும்பும் வழியில் அவன் வண்டியில் அவள் இரண்டு நோயையும் சொன்னாள்.

"எங்கம்மாவும் அந்த மாத்திரைதான்க்கா சாப்பிடுறாங்க" என்றான்.

நான்காவது வாரம், கதிர் வைத்ததில் வயிற்றுப்போக்கு வந்து அவளை உலுக்கியது. கூட்டிப்போக வந்த ஒடிரிலேயிடம் "போதும்டா, நான் வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுதாள். அவன் வாசலில் ஹாரனை அழுத்தினான். கையை எடுக்கவே இல்லை. தெருவே எட்டிப் பார்த்தது.

"மானத்த வாங்காதடா, பாவி!" வீட்டுச் செருப்போடு வந்து ஏறினாள். மீதி நாட்களும் அப்படித்தான் போனாள்.

சில மாதம் கழித்துப் பரிசோதித்த டாக்டர், "இப்போதைக்குக் கட்டி ஒண்ணும் தெரியல. ஆனா செக்கப்புக்கு விடாம வரணும்" என்றார்.

மறுநாள் காலை நிலையத்தில் எல்லார் முன்னாலும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், எச்.ஐ.வி.யையும் சேர்த்து. சிலர் தரையைப் பார்த்தார்கள். மாவுருண்டை பொரித்து விற்கும் கெலெபோன்யே மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அந்தக் கருப்பை வாய்ப் பரிசோதனை வலிக்குமாடி?"

"கொஞ்சம் கூச்சமா இருக்கும். ஏறு, கூட்டிட்டுப் போறேன்."

"கடைய யாரு பாக்குறது?"

"ஒடிரிலே பாப்பான்."

அவன் கரண்டியை வாங்கிக்கொண்டான். முதல் உருண்டையே கருகிப்போனது.