பாலே ஆடாமலே விழுந்தவர்

திருநின்றவூர் வாடகை வீட்டின் மாடியில் இருபது நாளாகச் சத்தமே இல்லாமல் பாலே நடனப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஃபோனில் வீடியோ, பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி. அவ்வளவுதான்.

இன்று காலை என் கணவர் காபியோடு சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். காலேஜ் படிக்கும்போது ஆறு மாதம் ஜிம்முக்குப் போனவர். அதைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"பரண்ல டப்பா தேடுற மாதிரி நுனிக்கால்ல நிக்கிற. இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா?"

"நீங்க நின்னு காட்டுங்க பாப்போம்" என்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தால் கௌரவம் என்ன ஆவது? ஒற்றைக் கால் நுனியில் எழும்பினார், மறு காலைத் தூக்கினார்.

தடால்!

கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். முதலில் குனிந்து தரையைத்தான் பார்த்தார்.

"இன்னா சத்தம் அது? டைல்ஸு எதுனா ஒடஞ்சிச்சா?"

கிடந்த இடத்திலிருந்தே என் வீரர் பதில் சொன்னார்: "ஒண்ணுமில்லக்கா, இவதான் ஏதோ டான்ஸ் ஆடிட்டிருந்தா."

நேராக நின்றிருந்த என்னையும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரையும் அக்கா மாறி மாறிப் பார்த்தார்.

"டான்ஸு ஆடுனது அந்தப் பொண்ணு, வுயுந்து கெடக்கறது நீயா?"

இப்போது தைலம் வேண்டுமாம். அது பரண்மேல் டப்பாவில் இருக்கிறது. நுனிக்காலில் நின்றால் எட்டிவிடும்.

நான் எடுத்துத் தரட்டுமா, அவரே எடுத்துக்கொள்ளட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.