சுழியன் செய்த குற்றங்கள்

சிரிப்பு நாடகம் எழுதுவது, ஒருவனைக் கிழமைக்கொரு குற்றம் செய்யவைத்து ஊரைச் சிரிக்கவைக்கும் தொழில். எங்கள் உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகத்தின் நாயகன் சுழியன். அவனாக நடிப்பவர் ஓட்டோ ஓட்டும் ஜெகன். குற்றங்களை எழுதுபவன் நான். பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் நான் எழுதும் கதைகளில் நரி எதைத் திருடினாலும் யாரும் சட்டம் பேசியதில்லை. ஒரு மனிதனைத் திருடவைத்ததும் ஊரே பேசியது. எதையாவது எழுதிவிட்டுப் பேச்சு வாங்கியிருந்தால் உங்களுக்கும் இது புரியும்.

தொப்பி

சுழியன் பொலிஸ் உடுப்பில் பாலத்தடியில் நின்று, மோட்டார் சைக்கிள்களை மறித்து இறால் வாங்கினான். பொலிஸ் வேடம் ஒரு குற்றம், மிரட்டி வாங்கிய கப்பம் இன்னொன்று. மறுநாள் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“களவு கிளவு உங்கட விசயம் சேர். தொப்பியை மட்டும் நேராப் போடச் சொல்லுங்க. வீட்டில புள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்குதுகள்.”

எருமைக்குறி

மாடுகளுக்குச் சூடு வைத்துக் குறியிடுவது எங்கள் பக்க வழக்கம். சுழியன் ஓர் எருமையைக் களவெடுத்து, அதன் குறியைக் கரியால் மாற்றினான். கரடியனாற்றிலிருந்து ஒரு போடியார் தொலைபேசியில் அழைத்தார். வயலும் மாடும் நிறைய உள்ளவர். களவு ஒரு குற்றம், குறியை மாற்றியது வேறு குற்றம், இரண்டுக்கும் அடுத்த கிழமை நாடகத்தில் வழக்கு வரும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரி தம்பி. கரி ஒரு மழைக்குத் தாங்குமா? கள்ளனெண்டாலும் வேலை தெரிஞ்சவனா எழுதுங்க.”

வலை

ஜெகனுக்குக் குருக்கள்மடத்தில் நிரோசாவைக் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தார்கள். நிரோசாவின் தகப்பன் வாவியில் மீன் பிடிப்பவர். நாடகத்தைப் பார்த்துவிட்டு, சம்பந்தம் வேண்டாம் என்று திடீரென்று சொல்லியனுப்பினார். நிரோசா சாப்பிடாமல் கிடந்தாள். நான் எழுதிய குற்றத்துக்குத் தான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று ஜெகன் என் வாசலில் வந்து நின்றார்.

இருவருமாக நிரோசாவின் தகப்பனிடம் போனோம். பொலிஸ் வேடம், கப்பம், எருமைக் களவு, சுழியன் கள்ளமாகச் செய்யப்போன இரண்டாம் கலியாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் என் கற்பனை என்றேன். எருமைக் கதைக்கு அவர் மறுபடியும் சிரித்தார். பிறகுதான் போன கிழமைக் காட்சியைச் சொன்னார். அதில் சுழியன் தங்கூசி வலை போட்டிருந்தான். குஞ்சு மீனையும் தப்பவிடாத அந்த நைலோன் வலைக்குத் தடை இருக்கிறது. நான்தான் அதைக் குற்றமாகவே நினைக்காமல், போகிறபோக்கில் எழுதிவிட்டேன்.

“மற்றதெல்லாம் பகிடி. தங்கூசி போட்டவனைத் தோணியில ஏத்தினா வாவிக்குள்ள ஆர் எனக்கு முகம் தருவான்? முதல்ல அவனைப் பிடிச்சுக் குடுங்க, பிறகு பொண்ணைக் குடுக்கிறன்.”

அடுத்த காட்சியிலேயே பிடித்துக் கொடுத்தேன். இப்போது சுழியன் மறியல் கம்பிக்குள், ஜெகன் மாமனார் வீட்டில். சுழியனைப் பிணையில் எடுக்கலாமா என்று மாமனாரிடம் கேட்கக் குருக்கள்மடத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.