ஜிப் போட்டிருந்த கூடாரம்

மலை உச்சிக் காட்டிலிருந்த அந்த முகாமுக்குக் காவல்காரர் அவர் ஒருவர்தான். கூடாரம் அடிப்பதும் அவரே, கக்கூஸ் கழுவுவதும் அவரே. தங்க வருகிறவர்கள் வைத்த பெயர் ‘வாளி அண்ணன்’. பொழுது சாய்ந்தால் போதும், தண்ணீர் வாளியோடு கிளம்பிவிடுவார். எரிகிற நெருப்பு ‘சொய்’ என்று அடங்கிய பிறகுதான் அடுத்த கூடாரத்துக்கு நகர்வார்.

"இன்னும் கொஞ்ச நேரம்ணே!"

"தணலை உள்ள தூக்கிட்டுப் போயிடுவீங்க. மூடின கூடாரத்துல காத்து விஷமாயிடும். தூக்கத்துலயே ஆள் காலி."

அன்று வந்திருந்தது வெளியாள் இல்லை. கல்யாணமான பிறகு முதல் தடவையாக மகளும் மருமகனும். மதியம் காட்டுக்குள் நடக்கப் போனவர்கள் மழையில் தொப்பலாக நனைந்து வந்து, கூடாரத்துக்குள் போய் ஜிப்பைப் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் சமையல் கொட்டகைக்குப் போனவர் அடுப்பைப் பார்த்தார். வெறும் சாம்பல். தணலைக் காணோம். தணல் அள்ளும் இரும்புச் சட்டியையும் காணோம்.

மகள் இருந்த கூடாரத்துக்கு ஓடினார்.

வாசலில் நின்று இருமினார். செருப்பைத் தரையில் தேய்த்தார். "பாப்பா..." பதில் இல்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் படுத்திருக்கிற இடம். பெற்ற அப்பன் எப்படித் திறப்பது? அசந்து தூங்குகிறார்கள், வேறென்ன என்று திரும்பினார். கால் நகரவில்லை. "மாப்ள!" என்று காடு அதிரக் கத்தினார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

மானமாவது மண்ணாங்கட்டியாவது! ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. இடுப்புக் கத்தியை எடுத்துத் துணியைக் கிழித்தார். முகத்தில் அனல் அடித்தது. பேருக்குக்கூடப் புகை இல்லை. மகளை அக்குளில் கைகொடுத்து ஈரப் புல்லுக்கு இழுத்துப் போட்டார். மருமகனுக்குக் கால்தான் அகப்பட்டது.

முதலில் விழித்தது மருமகன். "என்ன மாமா இது, கொஞ்சங்கூட..." என்று ஆரம்பித்தவன் எழ முடியாமல் சரிந்து வாந்தியெடுத்தான். மகள் அசையவில்லை. கன்னத்தில் தட்டினார். உலுக்கினார். "மூச்சை இழுடி... இழும்மா, என் தாயி..."

ஒரு இருமல் வந்தது. அதன் பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் தொண்டை கிழியச் சொல்றேன்!"

"கத்தாதீங்கப்பா, தலை வெடிக்குது. சின்னப்புள்ளையில என் கட்டிலுக்கு அடியில நீங்கதானே தணல் வைப்பீங்க?"

வைத்தவர்தான். அந்த வீட்டு ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பூனை நுழைகிற அளவுக்குச் சந்து. காற்று தாராளமாக வந்து போகும். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முகாம் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்தார். "ஏறுங்க. கீழ ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்ப பரவாயில்ல மாமா..."

"உங்களைக் கேக்கல மாப்ள."

வளைவுக்கு வளைவு குளிர்காற்று ஜீப்புக்குள் அறைந்தது. பின்சீட்டில் மகளுக்குப் பல் கிட்டியது.

"கண்ணாடியை ஏத்துங்கப்பா."

"பேசிக்கிட்டே வா. தூங்கிடாத," என்றார். கண்ணாடியை ஏற்றவில்லை.