இத்தாலியில் கழிந்த லீவு

பால்கனியில் பெரிய பெட்டிகள் இரண்டையும் கவிழ்த்து, வெள்ளை தனி, கலர் தனி என்று அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள் நாகவள்ளி. முதலாளி வீட்டுப் பாப்பாவின் சாக்ஸை உதறினால் இன்னும் மண் கொட்டியது. இத்தாலி மண். துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவின் சிமெண்ட் தூசியை ஆறு வருஷமாகத் துடைத்த கைக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை.

அரியலூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் போனபின் மகள் ஜோதிமணியைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியவள். மகள் வயசுக்கு வந்தபோது இவள் இங்கே சிமெண்ட் ஃபாக்டரி இன்ஜினியர் ஜெயசீலன் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. போன லீவில் கல்யாணத்தை முடித்தாள். இப்போது ஜோதிமணிக்குத் தலைப்பிரசவம், ஆவணிக் கடைசியில் நாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தத் தாய்வீடோ பூட்டிக் கிடந்தது.

ஆடியில் கிளம்பிவிட வேண்டும் என்று நாகவள்ளி நாள் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இந்த இத்தாலிப் பயணம் வந்தது. "வள்ளிக்கா, உங்களுக்கும் விசா எடுத்தாச்சு! யாருக்குக் கிடைக்கும் இது?" என்றாள் ஜெயசீலன் மனைவி விஜி. அவசரமே இல்லாமல் காரில் கிராமம் கிராமமாகப் போகவேண்டுமாம். எல்லாம் ஆயிரம் வருஷத்து ஊர்களாம். சரி, போய்வந்ததும் ஊருக்கு என்று நாகவள்ளியும் தலையாட்டினாள்.

அந்த ஊர்கள் எல்லாம் குன்றின்மேல் இருந்தன. உள்ளே கார் விடமாட்டார்கள். தெருவில் பாவியிருந்த கல்லில் பாப்பாவின் தள்ளுவண்டி ஓடவில்லை. பதினான்கு கிலோப் பிள்ளை இவள் இடுப்பில் ஏறியது. பிள்ளை தூங்கிவிட்டால் இவளுக்குக் கார்தான். மேலே மாதாகோயில் மணி அடிக்கும், அவர்கள் மூன்று மணி நேரம் சாப்பிடுவார்கள், இவள் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்துப் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருப்பாள். ஏழு ஊர் போனாள்; பார்த்ததில் பாதிக்குமேல் கார் நிறுத்துமிடம்.

ஒரு பழைய சத்திரத்தில் ரைஸ் குக்கரைச் சொருகியதும் மாடி முழுக்கக் கரண்ட் போயிற்று. சொருகச் சொன்னது ஜெயசீலன் சார். சத்திரக்காரி வந்து கத்தியபோது "மெய்டு, மெய்டு" என்று இவள் பக்கம் கையைக் காட்டியதும் அதே சார்தான். இத்தாலியில் அவளுக்கு விளங்கிய பேச்சு அது ஒன்றுதான். அன்று ராத்திரிக்கு விஜி அவளிடம் ரொட்டித் துண்டு ஒன்றை நீட்டி, "நாம எல்லாம் ஒரே குடும்பம், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

பாஸ்போர்ட் எப்போதும் சாரின் அலமாரியில் இருக்கும். பயணத்தில் மட்டும் ஒவ்வொரு கவுண்டரிலும் அவள் கையில் கொடுப்பார், முத்திரை விழுந்ததும் வாங்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஃப்ளாட் சித்தி மரியம் வந்தாள். கீழக்கரைக்காரி; சித்தி என்பது உறவில்லை, பேரே அதுதான். புருஷன் மீரா சாகிப்புக்கு அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஜவுளிக்கடை. டிவியில் போட்டோ ஓடியது. டீத் தட்டோடு நாகவள்ளி நின்றாள்.

"ஏம்மா, முந்நூறு படம் காட்டிட்டிய. வள்ளி எங்க? இந்தா, முழங்கை மட்டும் தெரியுதே, பால் பாட்டிலோட, அதுவா?" என்று சிரித்தாள் சித்தி மரியம். "ஏ புள்ள, நீ எப்ப ஊருக்கு? மக மாசமா இருக்காளே."

நாகவள்ளி வாயைத் திறக்குமுன் விஜி சொன்னாள்: "இப்பதானேக்கா லீவ் முடிஞ்சு வந்திருக்காங்க."

"யாரு?" என்றாள் நாகவள்ளி.

"நீங்கதான் வள்ளிக்கா. இத்தாலியில இருபத்திரண்டு நாள். டிக்கெட்டும் நாங்கதான் போட்டோம். அடுத்த லீவ் இனிமே..." விஜி புருஷனைப் பார்த்தாள்.

"டிசம்பர்ல பாக்கலாம்" என்றார் ஜெயசீலன், ரிமோட்டை அமுக்கியபடி.

நாகவள்ளி தட்டை டீப்பாய்மேல் வைத்தாள். கோப்பைகள் குதித்தன.

"டிசம்பர் வரைக்கும் புள்ள உள்ளயே நிக்குமா சார்? நீங்க சொல்லிப் பாருங்க, கேட்டாலும் கேக்கும்."

"வள்ளிக்கா, கெஸ்ட் முன்னாடி..."

"லீவுன்னா ஒக்காந்து சாப்புடறது விஜிம்மா. நான் எங்க ஒக்காந்தேன்? ஒங்க புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு மலை மலையா ஏறுனேன். பீத்துணி அலசுனேன். குக்கரால கரண்டு போனா நானு, கோயிலு பாக்க நீங்களா? அதுல ஒரு ஊரு பேரு எனக்குத் தெரியுமான்னு கேளுங்க!"

"அல்லாவே" என்று சித்தி மரியம் முந்தானையை வாயில் வைத்தாள். பிறகு விஜியிடம் மெல்ல, "அது டூட்டிதானேம்மா" என்றாள்.

ஜெயசீலன் டிவியை அணைத்தார். வெளியாள் முன்னால் பட்ட கூச்சம் அவர் குரலை இறுக்கியது. "கத்தாத நாகவள்ளி. பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. எப்ப குடுக்கணுமோ அப்ப குடுப்பேன். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

"ஒங்ககிட்ட இல்ல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துபாய் ஏர்போர்ட்ல முத்திர வச்சாங்க. பாப்பா என் தோள்ல தூங்குச்சு. நீங்க பெட்டி வரலன்னு ஓடுனீங்க. வாங்க மறந்துட்டீங்க. நானா கேட்டப்ப ஒரு தரம் குடுத்தீங்களா? இப்ப நானா குடுக்கவும் மாட்டேன்."

ஜெயசீலன் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம், டிராயர் இழுபடும் சத்தம். வெறுங்கையோடு வந்து நின்றார்.

"செவ்வாக்கெழம ஏறுறேன். டிக்கெட்டு நான் பாத்துக்கிறேன். திரும்பக் கூப்புடறதும் விசாவ கேன்சல் பண்றதும் ஒங்க இஷ்டம்."

உள்ளே பாப்பா விழித்துக்கொண்டு "வள்ளீ" என்று கூப்பிட்டது. பழக்கத்தில் கால் ஒரு அடி அந்தப் பக்கம் போய், நின்றது.

"நாயித்துக்கிழமைலருந்து நான் வேலைக்குப் போகணும்" என்றாள் விஜி. முகம் வெளுத்திருந்தது. "பாப்பாவ யாரு பாத்துப்பா வள்ளிக்கா? சொல்லுங்க. யாரு பாத்துப்பா?"

நாகவள்ளி பாப்பா அறைப் பக்கம் திரும்பாமல், வாசல் கதவோரம் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஃப்ளாட்டைவிட்டு வெளியே போனாள்.